கலப்பை இறங்காத கவுண்டி

அமெரிக்கச் செய்திகளைக் கொஞ்சம் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குக் 'கவுண்டி' என்ற சொல் பழகியிருக்கும். தேர்தல் முடிவு, காட்டுத்தீ, கொலை வழக்கு, எதுவானாலும் இன்ன மாநிலத்தில் இன்ன கவுண்டியில் என்றுதான் தொடங்குவார்கள். தமிழில் நாம் அதை 'மாவட்டம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அது பாதிதான் சரி. மாநிலத்தை வெட்டிப் பிரித்த துண்டு என்ற வரையில் கவுண்டியும் மாவட்டமும் ஒன்றுதான். மீதிப் பாதி வேறு. கவுண்டிக்குக் கலெக்டர் கிடையாது. மேலிடத்திலிருந்து யாரையும் மாற்றலில் அனுப்புவதில்லை. சாலை போடுவதையும் வரி விகிதத்தையும் தீர்மானிக்கும் ஆணையர்கள், போலீஸ் வேலை பார்க்கும் ஷெரிஃப், பத்திரப் பதிவாளர், கருவூலர், அரசு வழக்கறிஞர் எனப் பெரும்பாலும் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். எதிர்வீட்டுக்காரர் ஷெரிஃபாக இருக்கலாம்.

அமெரிக்காவில் இப்படி மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகள் இருக்கின்றன. ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இருக்கிற லாஸ் ஏஞ்சலஸும் கவுண்டிதான், நூறு பேர்கூட இல்லாத டெக்சஸின் லவ்விங்கும் கவுண்டிதான். நடுவே பரந்து கிடக்கும் பிரெய்ரி என்ற புல்வெளிப் பிரதேசத்தில் கவுண்டி என்றால் என்ன, அது எப்படி உருவானது, அதில் யார் இருக்கிறார்கள் என்பதை ஒரே ஓர் இடத்தை வைத்துப் பார்த்துவிடலாம். நான் எடுத்துக்கொள்வது கான்சஸ் மாநிலத்தின் சேஸ் கவுண்டி. பரப்பு சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் 2,572 பேர். நம்மூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில், முகூர்த்தக் கூட்டம் கொஞ்சம் அதிகமாக இருந்தால், அத்தனை பேரும் வந்துவிடுவார்கள்.

சேஸ் கவுண்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் கல். அங்கே என்ன நடந்திருக்கிறது என்று எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் கடைசியில் கல்லில் போய்த்தான் முட்டும்.

கட்டம் போட்ட நாடு

முதலில் நிலத்தை எப்படி அளந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க அரசு 1785-இல் ஒரு சட்டம் போட்டது. மேற்கே கிடக்கும் நிலத்தை விற்பதற்கு முன் சதுரம் சதுரமாக அளந்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு பெரிய சதுரம், அதற்குப் பெயர் டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரங்கள் 36. ஒவ்வொன்றும் ஒரு செக்‌ஷன், அதாவது 640 ஏக்கர். அதை நாலாகப் பிரித்தால் 160 ஏக்கர். இந்தக் கால் செக்‌ஷன்தான் அமெரிக்கப் புல்வெளியின் அடிப்படை அலகு. 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு இலவசமாகத் தந்ததும் இதே 160 ஏக்கர்தான். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து உழுது பயிர் செய்ய வேண்டும், அப்புறம் நிலம் சொந்தம்.

ஆறு, மேடு, பள்ளம், ஏற்கெனவே அங்கே வாழ்கிற மக்கள் என எதையும் இந்தக் கட்டம் கண்டுகொள்ளவில்லை. செயற்கைக்கோள் படத்தில் கான்சஸைப் பாருங்கள், கணக்கு நோட்டைப் பிரித்துவைத்தது மாதிரி இருக்கும். மைலுக்கு ஒரு சாலை, தெற்கு வடக்காகவும் கிழக்கு மேற்காகவும். ஆனால் சேஸ் கவுண்டிக்கு மேலே வந்ததும் அந்தக் கோடுகள் மங்கிவிடுகின்றன. பெரும்பகுதியில் சாலையே இல்லை, மடிப்பு மடிப்பாகப் பச்சைக் குன்றுகள் மட்டும்.

அந்தக் குன்றுகளுக்கு ஃபிளின்ட் ஹில்ஸ் என்று பெயர். ஃபிளின்ட் என்றால் சிக்கிமுக்கிக் கல். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே ஆழமில்லாத கடல் ஒன்று இருந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே இந்தச் சிக்கிமுக்கிக் கல் பட்டை பட்டையாக இருக்கிறது. சுண்ணாம்புக்கல் மழையில் கரையும், சிக்கிமுக்கி கரையாது. ஆகவே மேலே மண் ஒரு மெல்லிய போர்வைதான், அதற்குக் கீழே உடைந்த கல். கலப்பையின் கொழு ஒரு சால் முடிப்பதற்குள் மழுங்கிவிடும்.

160 ஏக்கர் சட்டத்தை நம்பி வந்தவர்களில் காட்டன்வுட் ஆற்றங்கரையின் கருப்பு மண்ணைப் பிடித்தவர்கள் பிழைத்தார்கள். அங்கே இன்றைக்கும் சோளம், கோதுமை, சோயா விளைகிறது. குன்றின் மேல் கட்டம் கிடைத்தவர்களுக்குப் புல்தான் கிடைத்தது. 160 ஏக்கர் புல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் பெரிய பண்ணைக்காரர்கள் ஆனார்கள். நிலச் சட்டம் எழுதியவர்கள் வாஷிங்டனில் உட்கார்ந்து மேஜைமேல் வைத்துக் கணக்குப் போட்டார்கள், கல் அவர்கள் கணக்கில் இல்லை.

1873

கவுண்டி உருவானது 1859-இல். அப்போது கான்சஸ் மாநிலம் ஆகவில்லை, அடிமைமுறை இங்கே இருக்கலாமா கூடாதா என்று துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பிரதேசம் அது. அடிமைமுறையை எதிர்த்துக் குடியேறிய சாமுவேல் வுட் என்பவர் இந்தக் கவுண்டி அமைய முன்னின்றவர். ஒஹையோக்காரரான அவர், தன் மாநிலத்து அரசியல்வாதி சால்மன் சேஸின் பெயரை இதற்கு வைத்தார். சேஸ் பின்னாளில் லிங்கனின் நிதி அமைச்சராகவும் தலைமை நீதிபதியாகவும் ஆனவர். 10,000 டாலர் நோட்டில் படம் இருந்தது அவருடையதுதான். அந்த நோட்டு இப்போது புழக்கத்தில் இல்லை.

சாமுவேல் வுட்டின் முடிவைச் சொல்லாமல் விட முடியவில்லை. புல்வெளிக் கவுண்டிகளில் எந்த ஊர் தலைநகர் என்பது வாழ்வா சாவா பிரச்சினை. தலைநகர் என்றால் கோர்ட்டு வரும், பத்திர ஆபீஸ் வரும், கடைவீதி வரும். கிடைக்காத ஊர் சில வருஷத்தில் காய்ந்துவிடும். அதற்காகப் பல இடங்களில் கொலையே நடந்தது. கான்சஸின் தென்மேற்கு மூலையில் ஸ்டீவன்ஸ் கவுண்டியில் அப்படி ஒரு சண்டையில் இறங்கிய வுட், 1891-இல் எதிர்த்தரப்பு ஊரான ஹியூகோட்டனில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு கவுண்டியை உருவாக்கியவர் இன்னொரு கவுண்டிக்காகச் செத்தார்.

சேஸ் கவுண்டியில் அந்த அளவுக்குப் போகவில்லை. காட்டன்வுட் ஃபால்ஸ் என்ற ஊர் தலைநகரானது. 1873-இல் அங்கே நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. வடிவமைத்தவர் ஜான் ஹாஸ்கெல். உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கட்டியது, மேலே பாரிஸ் பாணியில் சரிந்த சிவப்புக் கூரை, அதற்கும் மேலே கடிகாரக் கோபுரம். உள்ளே மூன்று மாடிக்கும் சுழன்று ஏறும் மரப்படிக்கட்டு, ஆற்றங்கரையில் வெட்டிய வால்நட் மரத்தில் இழைத்தது. கைப்பிடியில் நூற்றைம்பது வருஷத்துக் கைகளின் மெருகு. இரண்டாயிரம் பேர்கூடத் தேறாத இடத்தில் இவ்வளவு பெரிய மாளிகையா என்று தோன்றும். இன்னும் ஐம்பதாயிரம் பேர் வரப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில் கட்டியது அது. கான்சஸில் இன்றும் வேலை நடக்கிற நீதிமன்றக் கட்டடங்களில் இதுதான் பழையது. நிலப் பத்திரம் பதிய வேண்டுமா, வண்டிக்கு நம்பர் பிளேட் வாங்க வேண்டுமா, இந்தப் படியைத்தான் ஏற வேண்டும்.

அதே 1873-இல் இன்னொன்றும் நடந்தது. இந்தக் குன்றுகளில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் கா என்ற பூர்வகுடி மக்கள். கான்சா என்றும் சொல்வார்கள், மாநிலத்தின் பெயரே அவர்களுடையதுதான். 1825 ஒப்பந்தத்தில் பெரும்பகுதி நிலத்தை அமெரிக்க அரசு வாங்கிக்கொண்டது. 1846-இல் சேஸ் கவுண்டிக்கு வடக்கே உள்ள கவுன்சில் குரோவ் பக்கத்தில் இருபது மைல் சதுரத்தில் அவர்களை ஒதுக்கியது. 1859-இல் அதையும் குறுக்கியது. இடையில் பெரியம்மை வந்து நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. 1873 கோடையில் மிச்சமிருந்த சுமார் ஐந்நூறு பேரையும் தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் வண்டி கட்டிப் போன சில மாதங்களில் காட்டன்வுட் ஃபால்ஸில் நீதிமன்றத் திறப்பு விழா நடந்தது. இந்தக் கவுண்டியின் வரலாற்றுப் புத்தகம் எதையும் நான் படிக்கும்போது முதலில் பார்ப்பது, இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் சொல்கிறார்களா என்பதைத்தான். அந்தக் கா இனத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் கர்ட்டிஸ் 1929-இல் அமெரிக்காவின் துணை ஜனாதிபதி ஆனார்.

ரயில் வந்தது 1871-இல். சான்டா ஃபே ரயில் காட்டன்வுட் ஃபால்ஸுக்குள் வரவில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு மைல் தள்ளிப் போனது. ஸ்டேஷனைச் சுற்றி இன்னொரு ஊர் முளைத்தது. பின்னால் ரயில் கம்பெனித் தலைவர் வில்லியம் ஸ்ட்ராங்கின் பெயரில் அது ஸ்ட்ராங் சிட்டி ஆனது. அங்கே கல் குவாரிகள் வந்தன. வெட்டின கல் ரயில் பாலங்களுக்குப் போனது. அயர்லாந்துக்காரர்கள், ஜெர்மானியர்கள், பிற்பாடு தண்டவாள வேலைக்கு வந்த மெக்சிகோக்காரர்கள் என ஆள் சேர்ந்தது. 1870-இல் 2,000 பேருக்கும் குறைவாக இருந்த கவுண்டி, 1880-இல் 6,000-ஐத் தாண்டியது. 1900-இல் 8,246. அதுதான் உச்சம். அதற்குப் பிறகு 1990 வரை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் இறங்குமுகம். 2000-இல் ஒன்பது பேர் கூடினார்கள், அப்புறம் மறுபடி இறக்கம்.

புல்லைத் தின்று வளரும் ஊர்

உழ முடியாத நிலத்தை வைத்து என்ன செய்தார்கள்? வேலி போட்டார்கள். கான்சஸ் அரசு 1867-இல் திறந்தவெளி மேய்ச்சலை நிறுத்தி, கல்வேலி கட்டுகிறவர்களுக்குக் காசு கொடுத்தது. நாலரை அடி உயரத்துக்குக் கட்டினால் பதினாறரை அடி நீளத்துக்கு 40 சென்ட். கல்தான் காலடியிலேயே கிடக்கிறதே. சாந்து கிடையாது, கல்மேல் கல் அடுக்க வேண்டியதுதான். டென்னஸியில் பிறந்து கொலராடோவில் மாடு வளர்த்துப் பணம் சேர்த்த ஸ்டீஃபன் ஜோன்ஸ் 1878-இல் இங்கே வந்து 7,000 ஏக்கர் வளைத்தார். அதற்கு முப்பது மைல் கல்வேலி போட்டார். 1881-இல் பதினொரு அறை கொண்ட கல்வீடு கட்டினார். அதன் பக்கத்தில் மூன்று தளத்தில் கல்லாலேயே தொழுவம். வீட்டைவிடத் தொழுவம்தான் பெரிது. மனிதர் எதற்கு முக்கியத்துவம் கொடுத்தார் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

மாடு இங்கே பிறப்பதைவிட இங்கே வந்து போவதுதான் அதிகம். இதுதான் இந்தக் கவுண்டிப் பொருளாதாரத்தின் சூட்சுமம். டெக்சஸ் போன்ற தெற்குப் பகுதிகளில் வாங்கிய ஒரு வயது இளங்காளைகளை ஏப்ரல் கடைசியில் கொண்டுவந்து இறக்குவார்கள். முன்பு ரயிலில், இப்போது லாரியில். சுண்ணாம்பு மண்ணில் முளைத்த புல்லில் சத்து அதிகம். மாடு நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவுக்கு எடை போடும். ஜூலையிலோ இலையுதிர்காலத்திலோ மறுபடி லாரி ஏற்றித் தீவனப் பட்டிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். மாடு ஒருவருடையது, நிலம் இன்னொருவருடையது, பார்த்துக்கொள்கிறவர் மூன்றாமவர். நிலத்துக்காரர் பலர் கவுண்டியிலேயே இருப்பதில்லை. சீசனுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் வாடகை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஊர்கள் ஏன் காலியாகின என்பதற்கும் இதுவே விடை. ஆயிரக்கணக்கான ஏக்கர் புல்லைப் பார்த்துக்கொள்ள ஒரு கௌபாய், இரண்டு குதிரை, ஒரு பிக்கப் வண்டி போதும். ரயில் நின்ற இடங்களில் லாரி நிற்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் மாடு ஏற்றுவதில் பெயர் வாங்கிய மேட்ஃபீல்ட் கிரீனில் இன்றைக்கு ஐம்பது பேர் தேறினால் அதிகம். ஆற்றோரத்து எல்ம்டேலை வெள்ளம் திரும்பத் திரும்ப வந்து கலைத்தது, அதில் 1951 வெள்ளம் பெரியது. தலைநகர் காட்டன்வுட் ஃபால்ஸிலேயே ஆயிரம் பேர் இல்லை. ஒற்றை அறைப் பள்ளிகள் மூடி, கவுண்டி முழுவதும் ஒரே பள்ளி நிர்வாகத்துக்குள் வந்தது. சின்னப் பிள்ளைகள் ஸ்ட்ராங் சிட்டியிலும் பெரியவர்கள் காட்டன்வுட் ஃபால்ஸிலும் படிக்கிறார்கள். ஜோன்ஸின் நிலத்துக்குப் பக்கத்தில் 1882-இல் கல்லில் கட்டிய லோயர் ஃபாக்ஸ் கிரீக் பள்ளி 1930-இல் மூடியது. கட்டடம் அப்படியே குன்றின்மேல் நிற்கிறது.

மனிதர்கள் போனார்கள், புல் மிஞ்சியது. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் உயர்புல்வெளி 17 கோடி ஏக்கரில் விரிந்திருந்தது. இன்றைக்கு மிச்சம் நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை. அயோவா, இல்லினாய் மாநிலங்களில் கல் இல்லாத கருப்பு மண், ஏறக்குறைய மொத்தத்தையும் உழுதுவிட்டார்கள். மிஞ்சியதில் பெரும்பங்கு இந்த ஃபிளின்ட் ஹில்ஸில்தான் இருக்கிறது. பிக் புளூஸ்டெம் என்ற புல் நல்ல மழை வருஷத்தில் செப்டம்பரில் ஆளைத் தாண்டி வளரும். மேலே தெரிவதைவிட மண்ணுக்குள் போகும் வேர் நீளம்.

இந்தப் புல்லுக்கு மழை எவ்வளவு முக்கியமோ நெருப்பும் அவ்வளவு முக்கியம். தீ வைக்காமல் பத்து இருபது வருஷம் விட்டால் புதரும் சிடார் மரமும் ஏறிப் புல்லை அடைத்துவிடும். கா மக்களும் தீ வைத்தார்கள், வெந்த இடத்தில் முளைக்கும் இளம்புல்லுக்குக் காட்டெருமை தானாக வரும் என்று. இன்றைய பண்ணைக்காரர்கள் மாட்டுக்காக வைக்கிறார்கள். மார்ச் கடைசி, ஏப்ரல் மாதங்களில், காற்று மிதமாக இருக்கிற நாள் பார்த்து முதலில் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் போடுவார்கள். இன்ன இடத்தில் எரிக்கப்போகிறோம், புகை தெரிந்தால் பதற வேண்டாம் என்று. அப்புறம் காற்று போய்ச் சேரும் பக்கத்து ஓரத்தில் மெதுவாகப் பற்றவைத்து ஒரு கரும்பட்டை உண்டாக்குவார்கள். தீ அதைத் தாண்டாது. தண்ணீர் டாங்க் வண்டி பின்னாலேயே வரும். அது ஆன பிறகுதான் எதிர்ப்பக்கத்தில் வைப்பார்கள், அது காற்றோடு ஓடி வந்து கரும்பட்டையில் முட்டி அணையும். பழைய ஆட்கள் பெட்ரோல் நிரப்பிய இரும்புக் குழாயைப் புல்லில் இழுத்துக்கொண்டே போய்க் கோடு போட்ட மாதிரி தீ வைப்பதுண்டு. பத்து நாளில் அந்தக் கரி நிலம் பச்சையாகிவிடும். லாரிகள் வர ஆரம்பிக்கும்.

இதில் தகராறும் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் மொத்த நிலத்தையும் எரித்து, இரண்டு மடங்கு மாட்டை மூன்று மாதம் விட்டு மேய்ப்பது லாபம். ஆனால் பிரெய்ரிக் கோழி முட்டையிட ஒரு மறைவு வேண்டுமே, அது எங்கே போகும் என்று உயிரியலாளர்கள் கேட்கிறார்கள். புகை தூரத்து நகரங்கள் வரைக்கும் போய்க் காற்றைக் கெடுக்கிறது என்றும் புகார். பண்ணைக்காரர்கள் சொல்வது: நாங்கள் எரித்ததால்தான் இந்தப் புல் இருக்கிறது. என் பார்வையில் இரண்டு பக்கமும் சரி, அதனால்தான் தகராறு முடியவில்லை.

இதைவிடப் பெரிய சண்டை, இங்கே தேசியப் பூங்கா வரலாமா என்பது. மத்திய அரசு வந்தால் நிலத்தைப் பிடுங்கும், வரி வருமானம் போகும் என்று உள்ளூர்க்காரர்கள் பல வருஷம் எதிர்த்தார்கள். கடைசியில் ஒரு வினோதமான சமரசம். ஜோன்ஸின் பழைய பண்ணையை 1994-இல் ஒரு தனியார் அறக்கட்டளை வாங்கியது. 1996-இல் சட்டம் வந்தது. சுமார் 11,000 ஏக்கரில் மத்திய அரசு 180 ஏக்கருக்கு மேல் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 'பூங்கா' என்ற சொல்லையும் தவிர்த்து உயர்புல்வெளித் தேசியப் பாதுகாப்பகம் என்று பெயர் வைத்தார்கள். நிலத்தின் பெரும்பகுதி இப்போது நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்புடையது, பார்த்துக்கொள்வதில் தேசியப் பூங்காத் துறைக்கும் பங்கு. 2009-இல் 13 காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகிவிட்டன.

இந்த நிலத்தில் தற்செயலாக நடந்த ஒன்று உலகம் முழுவதும் விமானம் ஏறுகிறவர்களைத் தொட்டது. 1931 மார்ச் 31 அன்று பஜார் என்ற குட்டி ஊருக்குப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் ஒரு பயணி விமானம் விழுந்து எட்டுப் பேரும் இறந்தார்கள். அதில் ஒருவர் நியூட் ராக்னி, அமெரிக்கக் கால்பந்தில் அன்றைக்குப் பெரும்புகழ் பெற்ற பயிற்சியாளர். மரச் சட்டத்தாலான இறக்கை பிய்ந்ததுதான் காரணம். ஊர் உலகமே கொந்தளிக்க, மர இறக்கைகள் போய் முழு உலோக விமானங்கள் வரும் வேகம் கூடியது. நினைவுக்கல் ஒன்று அந்தப் புல்லுக்கு நடுவே இருக்கிறது. அதுவும் சுண்ணாம்புக்கல்தான்.

சரி, இன்றைக்கு அங்கே இருப்பது யார்? பெரும்பாலும் வெள்ளையர்கள், குடியேறிய ஐரோப்பியர்களின் பேரன் பேத்திகள். சராசரி வயது கூடிக்கொண்டே போகிறது. பண்ணை, பள்ளிக்கூடம், கவுண்டி அலுவலகம், பக்கத்துக் கவுண்டியின் எம்போரியா நகரம் ஆகியவைதான் வேலை தரும் இடங்கள். ஜூன் மாதம் ஸ்ட்ராங் சிட்டியில் ரோடியோ என்ற குதிரை, காளை அடக்கும் விழா, 1930-களிலிருந்து நடக்கிறது. அப்போது மட்டும் கூட்டம் தாங்காது.

வரிக்கு நிலமும் வீடும்தான் ஆதாரம். மேய்ச்சல் நிலத்துக்கு வரி குறைவு, ஆட்களும் குறைவு. பணத்துக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. அந்தப் பழைய நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு சிறை அறை உண்டு. பார்வையாளர்களுக்கு இப்போது அதைக் காட்டுகிறார்கள். ஊரில் இன்னொரு புதிய சிறை இருக்கிறது, நூறு பேருக்கு மேல் கொள்ளும். இவ்வளவு சின்ன ஊருக்கு அத்தனை கைதிகள் ஏது? மத்தியக் குடியேற்றத் துறை பிடித்துவைக்கும் வெளிநாட்டவர்களை இங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கவுண்டிக்குப் பணம் வருகிறது. மாட்டுக்கு சீசன் வாடகை மாதிரி என்று சொன்னால் கடுமையாகத்தான் இருக்கும், ஆனால் கணக்கு அதேதான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விதிப்படி, காவலில் இருப்பவரை எங்கே வைத்திருக்கிறார்களோ அந்த ஊர்வாசியாகத்தான் எண்ண வேண்டும். தொடக்கத்தில் 2,572 பேர் என்று சொன்னேனே, 2020 ஏப்ரல் 1 அன்று அந்தச் சிறையில் இருந்தவர்களும் அதில் அடக்கம்.